இரண்டு கேமராக்காரர்

படம் எடுப்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போவது வேறோர் இனம். பார்வைக்கு இவரும் புகைப்படக்காரர் மாதிரியேதான் இருப்பார். தோளில் பை தொங்கும், சட்டைப் பையில் கண்ணாடி துடைக்கும் துணி எட்டிப் பார்க்கும், பேசும்போதே ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் நம்மை அளப்பார். நல்ல கலைஞர் போலிருக்கிறது என்று நினைத்து நாமும் தலையைச் சீவிக்கொண்டு நிற்போம். அவசரப்படாதீர்கள். கழுத்தைக் கவனியுங்கள். அங்கே தொங்கும் வார் ஒன்றல்ல, இரண்டு. இவர் படம் எடுப்பவர் அல்ல, ஒப்பிடுபவர்.

நாங்கள் பிழைக்க வந்த இந்தத் தெலுங்கு நகரத்தில், கொண்டாப்பூரிலிருந்து கச்சிபௌலி வரைக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு ஒருவராவது இந்த இனத்தில் தேறுவார். நீச்சல் குளம் இல்லாத குடியிருப்பு உண்டு, குழாயில் மஞ்சீரா ஆற்றுத் தண்ணீர் வராத குடியிருப்பு உண்டு, ஒப்பிடுபவர் இல்லாத குடியிருப்பை நான் இன்னும் பார்க்கவில்லை. எங்களுக்கு வாய்த்தவர் பெயர் ஜகதீசன். மென்பொருள் கம்பெனியில் பெரிய வேலை. எனக்கு அடுத்த ஃபிளாட். ஆகையால் இந்த ஆராய்ச்சியில் எனக்குள்ள அனுபவத்தை யாரும் சந்தேகிக்க வேண்டாம்.

அவருடைய பழைய கேமரா ஒரு டி.எஸ்.எல்.ஆர். பத்துப் பன்னிரண்டு வருஷத்துச் சரக்கு, கையில் எடுத்தால் அம்மிக்குழவி கனம். புதியது, பிரிட்ஜ் கேமரா என்கிறார்களே, அது. லென்ஸைக் கழற்றி மாட்டும் வேலை இல்லை. பொத்தானை அழுத்தினால் மூக்கு நீண்டுகொண்டே போகும்; அடுத்த பேட்டையில் காயும் சட்டையில் பித்தான் அறுந்திருப்பதைக்கூடக் காட்டிக்கொடுக்கும். அவர் மனைவி ஹம்ஸினி கழுத்தை நீட்டியது ஒற்றைக் கேமராக்காரருக்குத்தான். இரண்டாவது பின்னால் வந்து சேர்ந்தது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? சொல்லிவிடுகிறேன், பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பழையதற்குள் சென்சார் பெரிது. வெளிச்சம் குறைந்த கல்யாண மண்டபத்திலும் படம் சுத்தமாக வரும், ஆனால் தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்காது. புதியது எதை வேண்டுமானாலும் இழுத்து மடியில் போடும், ஆனால் சென்சார் சின்னது. பொழுது சாய்ந்தால் படமெங்கும் ரவை இறைத்தமாதிரி புள்ளி விழும். அவ்வளவுதான். நீங்களும் நானும் இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு இரானி சாயா குடிக்கக் கிளம்பிவிடுவோம். ஜகதீசனுக்கு இங்கேதான் வாழ்க்கையே ஆரம்பிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பால்கனியைப் பார்க்க வேண்டும். முக்காலி ஒன்று, அதன்மேல் கேமரா ஒன்று, இடுப்பில் கேமரா ஒன்று. 'ஒரே இடம், ஒரே வெளிச்சம், ஒரே ஆள்' என்பது அவருடைய மந்திரம். எதை எடுத்தாலும் இரண்டு தடவை எடுப்பார், முதலில் பழையதில், பிறகு புதியதில், ஒரு மயிரிழை நகராமல். எடுக்கப்படும் பொருள் எதுவானாலும் சரி. எதிர் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருக்கும் எழுத்து, கட்டிக்கொண்டிருக்கும் கோபுரத்தின் கிரேன், சமையலறையில் வரிசையாக வைத்த பருப்பு டப்பாக்கள். பௌர்ணமியன்று மொட்டை மாடியில் எல்லோரும் நிலாச்சோறு சாப்பிடக் கூடினால், நிலாவில் உள்ள குழிகளை இரண்டு விதமாகக் காட்டி, எது கூர்மை என்று கேட்பார். கையில் புளியோதரையோடு நிற்கும் ஆள் என்ன சொல்வான்? இரண்டும் நிலாதான் என்று நான் ஒருதரம் சொல்லிவிட்டு, அந்த மாதம் முழுவதும் அவருடைய இரக்கத்துக்கு ஆளானேன்.

என்னையும் எடுத்திருக்கிறார். நல்ல வெயிலில் கறுப்புக் குடையோடு என்னை நிறுத்தி, அசையாதீர்கள் என்று சொல்லி, இரண்டிலும் எடுத்தார். நானும் ஆசையாகப் படத்தைக் கேட்டேன். கம்ப்யூட்டர் திரையில் பெரிது பண்ணிப் பெரிது பண்ணி, இடது பக்கம் என் சட்டைப் பித்தான், வலது பக்கமும் அதே பித்தான் என்று நிறுத்தினார். இதில் நூல் தெரிகிறது, அதில் நூல் குழைகிறது என்றார். முகம் எங்கே என்று கேட்டேன். அது ஆராய்ச்சிக்குத் தேவைப்படவில்லையாம்.

எதிர் பிளாக் ஸ்ரீலேகா கதை இதைவிடக் கொடுமை. யாரோ தன் வீட்டை நோக்கிப் பீரங்கி மாதிரி ஒன்றைத் திருப்பி வைத்திருக்கிறார் என்று அந்தப் பெண் குடியிருப்புச் சங்கத்தில் புகார் கொடுத்தார். விசாரணைக்கு வந்த ஜகதீசன் மன்னிப்புக் கேட்டாரா? படத்தை எடுத்து வந்து செயலாளரிடம் காட்டினார். இந்த அம்மா வீட்டு ஜன்னலில் இருக்கும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்ப் பாட்டிலின் லேபிளைப் புதிய கேமராவில் தெளிவாகப் படிக்கலாம், பழையதில் வெட்டிப் பெரிதாக்கினால்தான் படிக்கலாம், இதில் தவறான நோக்கம் எங்கே வந்தது என்று கேட்டார். ஸ்ரீலேகா மறுநாளே கனமான திரைச்சீலை வாங்கினார். அதற்கும் இவர் வருத்தப்படவில்லை. திரையின் நெசவு நல்ல பரிசோதனைப் பொருளாம்.

சரி, இத்தனை பாடுபட்டு, கடைசியில் எது நல்லது என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. 'அது எதுக்குங்கிறதைப் பொறுத்தது' என்பார். சென்ற வருஷமும் அதையே சொன்னார், வருகிற வருஷமும் அதையே சொல்வார். காரணம் எனக்குத் தெரியும். ஒன்று நல்லது என்று தீர்ந்துவிட்டால் மற்றதை விற்க வேண்டும். விற்றுவிட்டால் ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வது? பெண்டாட்டி பிள்ளைகளோடு பேச வேண்டியதாகிவிடும்.

ஹம்ஸினியைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்த வீட்டில் ஹம்ஸினியின் படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கண்ணிமை முடி இருக்கிறது, ஜிமிக்கியின் விளிம்பு இருக்கிறது, காதோரம் பறக்கும் ஒற்றை மயிர் பழையதில் எப்படி, புதியதில் எப்படி என்று இருக்கிறது. முழுசாக ஹம்ஸினி மட்டும் எதிலும் இல்லை. அந்தப் பெண்ணும் பொறுமைசாலி. தனக்காக எதுவும் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் சொல்ல வந்தது அந்த ஒரு தடவையைத்தான்.

அவளுக்கு இரண்டு அண்ணன்கள். பெரியவர் தேவராஜ், மெட்டுகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸ் மதிலை ஒட்டிய சந்தில் சொந்த வீடு. சின்னவர் வேணுகோபால், கச்சிபௌலியில் முப்பதாவது மாடி. அந்த முப்பதாவது மாடிக்குக் குடிபோனபோது தம்பி, அண்ணனை நேரில் போய்த் தட்டு வைத்து அழைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் அனுப்பிவிட்டு, கீழே இரண்டு கைகூப்பும் பொம்மையும் போட்டிருந்தார். அண்ணன் போகவில்லை. அண்ணன் வரவில்லையே என்று தம்பி போன் செய்யவில்லை. அன்றைக்கு நின்ற பேச்சு, வருஷக்கணக்காக நின்றபடியே இருந்தது.

இதில் அடிபட்டது யார் தெரியுமா? ஹம்ஸினியின் குழந்தை ஹர்ஷிதா. மூன்று வயதாகியும் மூளிக் காது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே காது குத்த வேண்டும்? எந்த மாமன் மடி? பெரியவர் மடியில் வைத்தால் சின்னவர் வாசல் மிதிக்க மாட்டார், சின்னவர் மடியில் வைத்தால் பெரியவர் முகத்தில் விழிக்க மாட்டார். கடைசியில் ஹம்ஸினியே ஒரு வழி கண்டுபிடித்தாள். இரண்டு நாற்காலியை ஒட்டிப் போடுவது, இரண்டு மாமன் மடியிலும் பாதிப் பாதியாகக் குழந்தையை உட்காரவைப்பது. பூ பழம் தட்டோடு இரண்டு வீட்டுக்கும் அவளே நடந்தாள். மூத்தவர் வீட்டிலேயே விழா. இருவரும் சம்மதித்தார்கள், பேசச் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு.

புருஷனிடம் அவள் கேட்டது இதுதான். நானும் அப்போது அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணனுங்க ரெண்டு பேரும் குழந்தையோட ஒண்ணா இருக்கிற மாதிரி ஒரே ஒரு படம் வேணுங்க. சிரிக்கக்கூட வேணாம். ரெண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்தா போதும்."

ஜகதீசன் கண்டிப்பாக என்றார். இரண்டிலும் எடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். பாசம் என்று நினைத்துவிட்டேன். விழாவுக்குப் போகும்போது காரில்தான் விஷயம் வெளிவந்தது. குழந்தைக்குக் காது இரண்டு. கேமராவும் இரண்டு. ஒரே குழந்தை, ஒரே ஆசாரி, ஒரே காலை வெளிச்சம். இடது காது பழையதற்கு, வலது காது புதியதற்கு. ஆண்டவன் மனிதனுக்கு இரண்டு காது வைத்ததன் பொருள் தனக்கு இப்போதுதான் புரிகிறது என்று அவர் சொன்னபோது, ஹம்ஸினி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேவராஜ் வீடு தெருக்குத்து வீடு. சந்து நேராக வந்து அவர் கேட்டில்தான் முட்டும். முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். ஹர்ஷிதா மொட்டையடித்து, தலை நிறையச் சந்தனம் பூசி, பட்டுப்பாவாடையில் இருந்தாள். வேணுகோபால் சீர்த்தட்டோடு வந்தார். தேவராஜ் மனைவிதான் 'வாங்க' என்றார். அண்ணன் பந்தல் கயிற்றைச் சரிபார்த்தார். இரண்டு நாற்காலி போட்டு, இருவரையும் உட்காரவைத்து, குழந்தையை நடுவில் வைத்தார்கள். பெரியவர் வாசல் பக்கம் பார்த்தார். சின்னவர் தண்ணீர் மோட்டாரைப் பார்த்தார். நடுவில் குழந்தை, 'வத்து மாமா, வத்து', வேண்டாம் வேண்டாம் என்று தெலுங்கில் இருவரையும் சமமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வார்த்தையாவது இரண்டு பேருக்கும் பொதுவாகப் போய்ச் சேர்ந்ததே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

இடது காது முடிந்தது. ஆசாரி கம்பியைத் திருகி முடிக்கும்வரை பழைய கேமரா ஓயாமல் சுட்டது. குழந்தை வீறிட்டது, தேங்காய் உடைந்தது, ஹம்ஸினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆசாரி இரண்டாவது கம்பியை எடுத்தார். அப்போது ஜகதீசன் கையைத் தூக்கி நிறுத்தினார்.

புதியதன் பலம் தூரம். பக்கத்தில் நின்று எடுத்தால் அது புதியதற்குச் செய்யும் அநியாயம். ஆகவே அதே காட்சியைச் சந்தின் அந்தக் கடைசியில் நின்று எடுக்கப் போகிறார். எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டு, யாரும் பதில் சொல்வதற்கு முன்னால் நடந்துவிட்டார். எமகண்டம் நெருங்குகிறது என்று ஐயர் முணுமுணுத்தார். ஆசாரி கம்பியைப் பிடித்த கையோடு கொட்டாவி விட்டார்.

சற்று நேரத்தில் வேணுகோபாலின் போன் அடித்தது. சந்தின் கடைசியிலிருந்து ஜகதீசன். ஸ்பீக்கரில் போட்டுக் குழந்தையின் மடியில் வைக்கச் சொன்னார். பெரிய மச்சான் கொஞ்சம் இடது பக்கம் நகர வேண்டும். சின்ன மச்சான் தோள் இடிக்கிற அளவுக்கு நெருங்க வேண்டும். இல்லை, அவ்வளவு இல்லை. சரி, அவ்வளவுதான். இரண்டு பேரும் கிடுகிடுவென்று நகர்ந்தார்கள். ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது. பொறுக்கச் சொன்னார். தண்ணீர் கேன் வண்டி வந்து நின்றது. இன்னும் பொறுக்கச் சொன்னார். பந்தலின் ஓட்டை வழியே வெயில் இருவர் தலையிலும் நேராக இறங்கியது. போனில் சத்தம் சரியாகக் கேட்காமல், இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். அந்தப் பக்கம் பேச்சே இல்லை.

தேவராஜ் தலையை நிமிர்த்திப் பொதுவாகக் காற்றைப் பார்த்துக் கேட்டார்.

"இந்த மனுஷன் எங்கதான் போய் நிக்கிறாரு?"

"கடைசி மதில்கிட்ட அண்ணே. குனிஞ்சிக்கிட்டு இருக்காரு."

'அண்ணே' என்பது வாயிலிருந்து விழுந்த பிறகுதான் வேணுகோபாலுக்கே தெரிந்தது. ஹம்ஸினி என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். தேவராஜ் சந்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹவ், ஆமா, தெரியுது. குனிஞ்சி என்ன பண்றாரு?"

"எடுத்த படத்தைப் பார்க்கிறாரு போல."

"இன்னும் எடுக்கவே இல்லையேடா."

அந்த 'டா' வந்ததும் தம்பிக்குச் சிரிப்பு வெடித்தது. அண்ணன் ஒரு நிமிஷம் மீசையை இறுக்கிப் பார்த்தார், முடியவில்லை. வயிறு குலுங்க அவர் சிரித்த சிரிப்பில் குழந்தை பாதி மடியிலிருந்து வழுக்க, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நான்கு கையால் பிடித்தார்கள். மாமன்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று குழந்தை வாயைப் பிளந்து பார்த்தது. ஆசாரி தொழில் தெரிந்தவர். அந்த நேரம் பார்த்து வலது காதில் கம்பியை ஏற்றி முடித்துவிட்டார். குழந்தைக்கு அழ வேண்டும் என்று ஞாபகம் வந்தபோது பெரிய மாமன் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார், சின்ன மாமன் அதை வாங்கி ஊட்டிக்கொண்டிருந்தார்.

உலகத்தில் எத்தனை கேமரா இருக்கிறது. அந்தச் சந்தில் மட்டும் இரண்டு இருந்தன. ஒன்றுகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை; எங்கள் கையில் போன் இருந்ததும் சிரிப்பில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எங்கள் கேமரா விற்பன்னர் கடைசி மதிலில் போனைக் கிடத்திவிட்டு, இடது காதுப் படங்களைப் பெரிது பண்ணி, சந்தனத்தின் மஞ்சள் கொஞ்சம் கூடுதலாக வந்திருக்கிறதே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தவரிடம் ஹம்ஸினி ஓடினாள்.

"எடுத்தீங்களா?"

"எதை?"

நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க மாட்டாமல் திரும்பிக்கொண்டேன். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தை இன்றைக்கும் என்னால் மறைக்க முடியவில்லை. அவள் அண்ணன்கள் பக்கம் கையைக் காட்டினாள். அப்போதுதான் வலது காதில் கம்பி இருப்பதை அவர் பார்த்தார். அவருக்கு வந்த வருத்தம் வேறு வருத்தம். இடது காது மட்டும் ஒரு கேமராவில், வலது காது எதிலும் இல்லை. ஆராய்ச்சி பாதியில் அறுந்துவிட்டது.

ஆனால் ஒப்பிடுபவர் அவ்வளவு சுலபமாக மனம் தளர்பவர் அல்ல. குத்தின காதாக இருந்தால் என்ன, மற்றதெல்லாம் அப்படியேதானே இருக்கிறது? மச்சான்கள் இருவரையும் மறுபடி நாற்காலியில் உட்காரச் சொன்னார். மாப்பிள்ளை பேச்சைத் தட்டமாட்டாமல் உட்கார்ந்தார்கள். பழைய படத்தை ஒரு பார்வை பார்த்தார், இவர்களை ஒரு பார்வை பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். ஏதோ சரியில்லை. மெல்லக் குனிந்து, மிகுந்த மரியாதையோடு சொன்னார்.

"மச்சான், தப்பா நினைக்காதீங்க. ரெண்டு பேரும் கொஞ்சம் முன்ன மாதிரி கோவமா உட்காருங்க. இல்லேன்னா ஒப்பிட முடியாது."

பந்தலே இடிந்து விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. தேவராஜ் தம்பியின் தோளில் அறைந்து சிரித்தார். தம்பி அண்ணன் மேலேயே சாய்ந்து சிரித்தார். நடுவில் மொட்டைத் தலையும் சிவந்த காதுமாக ஹர்ஷிதா, எதற்கென்று தெரியாமலே, எல்லோரையும் விட உரக்கச் சிரித்தாள். ஹம்ஸினி யோசிக்கவில்லை. புருஷன் கழுத்தில் தொங்கியதில் கைக்கு எது அகப்பட்டதோ அதை இழுத்தாள். வார் கழுத்திலேயே இருந்ததால் அவரும் கூடவே குனிந்தார். குனிந்த புருஷனைப் பொருட்படுத்தாமல் கண்ணில் வைத்து அழுத்தினாள். ஒரே ஒரு தடவை.

அந்தப் படம் இப்போது மெட்டுகுடா வீட்டில் ஒன்று, கச்சிபௌலி முப்பதாவது மாடியில் ஒன்று தொங்குகிறது. கொஞ்சம் சாய்ந்திருக்கும், ஓரத்தில் ஜகதீசனின் முழங்கை கலங்கலாகத் தெரியும். இரண்டு அண்ணன்களும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள், குழந்தையை. வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று சிரிக்காமல் போவதில்லை. ஹம்ஸினி அங்கே போனால் அதற்கு எதிரேதான் உட்காருவாள். ஜகதீசனும் போவார், கிட்டே போய் மூக்கு படுகிற அளவுக்கு நின்று, மூலையைப் பார்த்துவிட்டு, மற்றதில் எடுத்திருந்தால் எப்படி வந்திருக்கும் என்பது கடைசிவரை தெரியாமலே போய்விட்டது என்று பெருமூச்சு விடுவார்.

நான் இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். நிறையப் பேர் சிரிப்பார்கள், சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எந்தக் கூட்டத்திலும் ஒருவர் மட்டும் சிரிக்காமல், அழாமல், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, ஹம்ஸினி கையில் அகப்பட்டது பழையதா புதியதா என்று கேட்பார். நீங்கள் எப்படி? அந்த இடத்தை மறுபடி படித்துப் பார்த்தீர்களா? தேடாதீர்கள், நான் எழுதவில்லை. எழுதப் போவதும் இல்லை. அது தெரியாமல் உங்களுக்கு இன்றைக்குத் தூக்கம் பிடிக்காது என்றால், உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர், ஒரே ஒரு படம் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார்.